மூன்று தடவை அலசிய போத்தல்கள்

"மிஸ், தண்ணிக்குச் சொகமில்லையா?"

துஷானி ஒரு நாள் என்னிடம் இப்படிக் கேட்டாள். அவளுடைய அப்பா தனபாலன் உள்ளே கட்டிலில் படுத்திருப்பார். அவருடைய இரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, மெஷினில் சுத்தமாகி, திரும்ப அவருக்குள் போய்க்கொண்டிருக்கும். அது முடியும்வரை பிள்ளை என் ஆய்வுகூடத்து வாசலில் குந்திக்கொண்டு நான் செய்வதைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரி என்றால் மனிதருக்குச் சோதனை செய்வார்கள். தண்ணீருக்கு ஏன் செய்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"தண்ணிக்குச் சொகமில்லாமப் போனா அப்பாவுக்கும் சொகமில்லாமப் போயிரும். அதான் தெனமும் பாக்குறேன்" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்தப் பதிலில் பொய் இல்லை. நான் பொதுவாகப் பொய் சொல்கிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறீர்கள். அந்தச் சந்தேகமும் தலைகீழானது. நான் குற்றம் செய்தேன் என்று நீங்கள் நினைக்கவில்லை. எங்கள் நிலையத்தில் தண்ணீர் வால்வுகளைத் திறந்து மூடுகிற வீரய்யா அண்ணன் மேல் பாவம் பார்த்து, அவருடைய பழியை என் தலையில் போட்டுக்கொள்ள வந்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். ஜெயராணி மிஸ் இளகிய மனசுக்காரி என்று ஊரே உங்களிடம் சொல்லியிருக்கும். நான் பேச ஆரம்பித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. முழுவதையும் கேளுங்கள்.

எங்கள் நிலையம் குண்டசாலையில் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இலவசமாக டயலிசிஸ் செய்யும் தரும நிலையம். தெல்தெனியா, ஹந்தானை, மடவளை என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். தோட்டத்து ஆட்கள், சின்னக் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டியவர்கள். கூலிக்கு வாகனம் பிடிக்க வசதியில்லாமல் முதல் பஸ்ஸில் ஏறி வருகிறவர்கள்தான் அதிகம். அங்கே தண்ணீருக்குப் பொறுப்பு நான்.

அந்த வேலையை உங்களுக்கு எளிதாகச் சொல்லலாம். ஊர்க் குழாயில் வருகிற தண்ணீரில் குளோரின் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கிருமி பெருகும். குடிக்கிறவருக்கு அதனால் கெடுதி இல்லை, வயிறு பார்த்துக்கொள்ளும். ஆனால் டயலிசிஸ் மெஷினுக்குள் அதே தண்ணீர் போனால் குளோரின் இரத்தத்தைத் தொட்டுவிடும். தொட்டால் சிவப்பணுக்கள் உடையும். அதற்காகக் கரி நிரப்பிய இரண்டு பெரிய தாங்கிகள் வைத்திருக்கிறோம். தண்ணீர் அவற்றினூடாக வரும்போது கரி குளோரினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கரிக்கும் ஒரு ஆயுள் உண்டு. களைத்துப் போனால் விட்டுவிடும்.

கரி களைத்துவிட்டதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்குக் குளோரினை அளக்கும் ஒரு தானியங்கி டைட்ரேட்டர் நன்கொடையாக வந்தது. தண்ணீரைக் குவளையில் ஊற்றித் தட்டில் வைத்தால் போதும். மெஷினின் கை இறங்கும், கலக்கும், மெல்லிய குழாயிலிருந்து துளித்துளியாக மருந்தை விடும். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே தானாக நிறுத்தி, திரையில் எண்ணைக் காட்டும். காலையில் யாரையும் கட்டிலில் ஏற்றுவதற்கு முன் இரண்டு தண்ணீர் பார்ப்பேன். ஒன்று ஊர்க் குழாய், மற்றது கரிக்குப் பிறகு. இரண்டாவது எண் பூச்சியம் தசம் ஒன்றைத் தாண்டினால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். யாராக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பிள்ளையார் படம் வைத்திருந்தேன். கும்பிட்டுவிட்டுத்தான் குவளையைத் தொடுவேன்.

ஒரு நாள் அந்த இரண்டாவது எண் பூச்சியம் தசம் ஒன்று நான்கு என்று வந்தது.

புதுக் கரி கேட்டு எழுதியிருந்தோம். அது கொழும்புத் துறைமுகத்தில் கிடந்தது. முகாமையாளர், "கொஞ்சம் சமாளிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெளியே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தனபாலனுக்குக் கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் அவருக்கு வாய் அடங்காது.

"என்னா மிஸ், இன்னும் பூசை முடியலையா? என் ஒடம்புல இருக்கிற தண்ணிய எறக்கினா தோட்டத்துல ஒரு லயத்துச் சனத்துக்கே குளிக்கக் குடுக்கலாம். சீக்கிரம் ஏத்திவிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று எப்படிச் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

எங்களிடம் இன்னொரு வகைப் போத்தலும் உண்டு. மாதத்துக்கு ஒரு முறை கிருமிப் பரிசோதனைக்குத் தண்ணீர் அனுப்புகிற போத்தல். அதன் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் போட்டிருக்கும். தூள் குளோரினை அந்த இடத்திலேயே முறித்துவிடும். இல்லாவிட்டால் போகிற வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும், தண்ணீர் சுத்தம் என்று தவறான முடிவு வரும். ஆகவே அந்தப் போத்தலில் பிடித்த எந்தத் தண்ணீரிலும் குளோரின் இருக்காது. தூள் கரைந்ததும் கண்ணுக்கும் தெரியாது.

அதில் ஒன்றை எடுத்து, கரிக்குப் பிறகு வரும் குழாயில் பிடித்து, குவளையில் ஊற்றினேன். மெஷினின் கை இறங்கியது. கலக்கியது. பூச்சியம் என்று காட்டியது.

தாதி அஸீமா கதவில் நின்று, "எப்பிடி ஜெயா, ஏத்தவா?" என்றாள்.

"பூச்சியம்" என்றேன்.

நான் எண்ணை மாற்றவில்லை, ஐயா. மெஷினையும் தொடவில்லை. திரையில் இருந்ததை வாசித்தேன். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தனபாலன் மூச்சுச் சீராகி, எழுந்து உட்கார்ந்து, மகள் உரித்துக் கொடுத்த தோடம்பழத்தில் பாதியை எனக்கு அனுப்பினார். பிள்ளை கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். நான் செய்தது நல்ல காரியம் என்று அந்தச் சுளையே சொன்னது போல இருந்தது.

அதற்குப் பிறகு உண்மையான எண்ணை நான் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டி வரும். காலையில் ஆட்கள் முன்னால் வேறு போத்தல் தேடுவது நன்றாக இருக்காது என்பதால், தூள் போட்ட போத்தல்களின் மூடியில் சுற்றியிருந்த தாளை எடுத்துவிட்டு, அவற்றை சாதாரணப் போத்தல்கள் இருக்கும் தட்டிலேயே வரிசையாக அடுக்கி வைத்தேன். ஒரு தாங்கிக்கு மட்டும் கரி வந்தது. மற்றதற்கு வரவில்லை. எண்தான் நன்றாக இருக்கிறதே, அவசரமில்லை என்று முகாமையாளர் நினைத்தார்.

ஆட்களுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. சிலர் வாந்தி எடுத்தார்கள். இரத்தம் குறைந்துகொண்டே போகிறது என்று டொக்டர் ஊசி எழுதினார். இந்த நோயில் அதெல்லாம் சகஜம்தான். ஆனால் அஸீமா கெட்டிக்காரி. மடவளையில் இருந்து வருகிறவள். எதுவானாலும் அவளுக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும்.

"ஒரு ஆளுக்கு தலவலி எண்டா சரி. எல்லாருக்கும் ஒரே நாள்ல ஏன் தலவலி ஈக்கி? எனக்கு வெளங்குதில்ல ஜெயா" என்றாள்.

"வெயில் அஸீமா" என்றேன். அன்று நல்ல வெயில்தான்.

அவள் மறுநாள் காலை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் கும்பிட்டேன், போத்தலை எடுத்தேன், பிடித்தேன், ஊற்றினேன். கை இறங்கியது. துளிகள் நிற்கவில்லை. திரையில் பூச்சியம் தசம் இரண்டு மூன்று என்று வந்தது.

அஸீமா உடனே போய் எல்லா மெஷினையும் நிறுத்தினாள். வீரய்யா அண்ணன் பழைய கரித் தாங்கியை அடைத்து, புதுக் கரித் தாங்கிக்குள் தண்ணீரை எதிர்ப்பக்கமாக விட்டுக் கழுவி, அதை மட்டும் திறந்துவிட்டார். எண் இறங்கும்வரை ஆட்கள் பசியோடு காத்துக்கிடந்தார்கள். ஒரு தாங்கியை வைத்துக்கொண்டு தண்ணீர் போதாது என்று மாலையில் முகாமையாளர் பழையதையும் திறக்கச் சொல்லிவிட்டார்.

காத்துக்கிடந்தவர்களில் ஒரு அம்மா, "ஒங்கள நம்பித்தானே மிஸ் வாறோம், இப்பிடிப் போட்டு வதைக்கிறீங்களே" என்றார். அன்று யாருக்கும் தலைவலி வரவில்லை என்பதை அஸீமா கவனித்தாள். நானும் கவனித்தேன். ஆனால் எனக்கு அந்த அம்மா சொன்னதுதான் இரண்டு நாள் மனதில் நின்றது.

யாரோ போத்தலைக் கழுவியிருக்கிறார்கள். வேறு எப்படியும் இது நடக்காது.

ஐயா, சந்தேகம் ஒரு மனுஷியை எப்படி அரிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் தொழிலே அதுதான். முதலில் அஸீமாவைச் சந்தேகித்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று யோசித்தேன். சிரிக்காவிட்டால் அதையும் யோசித்தேன். பிறகு முகாமையாளரை. அடுத்த கிழமையும் அப்படியே நடந்தது. பிறகும் நடந்தது. அஸீமா பக்கத்தில் நிற்கிற நாட்களில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியிருந்தது. அவள் நிற்காத நாட்களில் வேறு போத்தல் எடுத்துத் திரும்பவும் பார்த்துச் சமாளித்தேன். கடைசியில் ஒரு விடியற்காலை, முதல் பஸ்ஸுக்கும் முந்தி, ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன்.

வீரய்யா அண்ணன் குழாயடியில் நின்று என் போத்தல்களை அலசிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. அப்படி அலசச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான், அவர் வேலைக்கு வந்த புதிதில். அலசியதை ஒரு சுத்தமான துண்டின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"என்னாண்ணே இது?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "போத்தல் அடியில வெள்ளையா தூசி மாதிரி கெடந்திச்சு மிஸ். நீங்கதானே சொல்லுவீங்க, போத்தல் அழுக்குன்னா மெஷின் தப்பாச் சொல்லும்னு. வால்வு தொறக்க வர்ற நேரம் நாலஞ்ச கழுவி வைப்பேன். ஏன் மிஸ், தப்பா?"

"இல்லண்ணே" என்றேன். "நல்லது."

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் அறியாத முகம். ஒன்றும் அறியாத முகத்தை எவராலும் வைத்துக்கொள்ள முடியும் என்று எனக்குத் தெரியும், நானே மாதக் கணக்காக வைத்திருந்தேன். இந்த மனுஷன் எல்லாம் தெரிந்துதான் செய்கிறார், ஒரு நாள் வாய் திறப்பார் என்று முடிவு செய்தேன். காரணம் இல்லாமல் எவர் இன்னொருவருடைய போத்தலைக் கழுவுவார்?

முகாமையாளரிடம் போனேன். அங்கேயும் பொய் சொல்லவில்லை. "வீரய்யா அண்ணன் எனக்குத் தெரியாம சாம்பிள் போத்தல்கள்ல கை வைக்கிறாரு. அதுக்குப் பெறகுதான் எண் இப்பிடி மாறி மாறி வருது" என்றேன். இரண்டும் உண்மை. முகாமையாளர் அவரை அன்றைக்கே அனுப்பிவிட்டார். அவர் வாசலில் நின்று என்னைத் தேடினார். நான் பின்பக்கம் இருந்தேன். மாதக் கடைசி, அவர் வீட்டில் அரிசி இருக்காது என்று நினைத்து அன்று பின்னேரமே ஒரு பொதி அனுப்பிவைத்தேன். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம் என்றேன்.

பிறகு எண் நன்றாக வந்தது. தினமும் பூச்சியம். அஸீமாவும் என் பின்னால் வந்து நிற்பதை விட்டுவிட்டாள்.

அந்தக் கிழமை பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். மகாவலி செம்மண் நிறத்தில் ஓடியது. ஆறு கலங்கினால் ஊர்த் தண்ணீரில் குளோரினைக் கூட்டுவார்கள். கூட்டத்தான் வேண்டும், அது ஊரைக் காப்பாற்றுகிற வேலை. அன்று காலை ஊர்க் குழாய்த் தண்ணீரைச் சாதாரணப் போத்தலில் பிடித்துப் பார்த்தேன். வழமையைவிட மூன்று மடங்கு காட்டியது. குழாயைத் திறக்கும்போதே மூக்கில் ஏறியது. களைத்துப்போன கரி அதைப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். என்னைத் தவிர அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தெரியாது.

தட்டில் இரண்டு வகைப் போத்தலும் இருந்தன. கையை நீட்டினேன். மழையில் நனைந்து வந்தவர்கள் வெளியே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மண் சரிந்த பாதையில் பாதித் தூரம் நடந்தே வந்தோம் என்று தனபாலன் எல்லோருக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "மிஸ் இருக்கிற வரைக்கும் நம்மள திருப்பி அனுப்ப மாட்டாங்க" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

தூள் போட்டதைத்தான் எடுத்தேன்.

ஒரு மணித்தியாலம் போனதும் முதலில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தது. பிறகு மற்றவர்களுக்கு. குழாயில் ஓடுகிற இரத்தம் தெளிந்து, வெளிச்சத்தில் பால் சேர்க்காத பிளேன்டி போல ஊடுதெரிந்தது. அஸீமா ஓடி ஓடி ஒவ்வொரு மெஷினாக நிறுத்தினாள். நான் தனபாலன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னிடம் ஏதோ சொல்ல வந்தார், வழக்கம் போல ஏதாவது பகிடியாக இருக்கும். மூன்று பேர் அன்று போனார்கள். அவர் கடைசி ஆள்.

வீரய்யா அண்ணன் கோபத்தில் தாங்கியில் எதையோ கலந்துவிட்டார் என்று ஊரே பேசியது. வேலையிலிருந்து விலக்கிய ஆள், தண்ணீர்க் கட்டிடத்தின் சாவியும் அவரிடம் சில நாள் இருந்திருக்கிறது. நீங்கள் அவரைப் பிடித்தீர்கள். நான் அப்போதும் பொய் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையில்லை. துஷானி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். உள்ளே போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கையில் வைத்துக்கொண்டு பார்த்ததும், "கொதிச்சாறின தண்ணிதான் மிஸ், பயப்படாமக் குடிங்க" என்றாள்.

குடித்தேன்.

அஸீமாவும் அங்கே வந்திருந்தாள். மெதுவாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வீரய்யா செஞ்சீக்க மாட்டாரு ஜெயா. ஒங்கட போத்தலயும் விடியக்காலேல கழுவி வெச்ச மனிசன். 'ஏன் அண்ணே இதெல்லாம் செய்யிறீங்க'ண்டு நான் ஒருக்கா கேட்டன்."

"என்னா சொன்னாரு?"

"அவர்ட பொஞ்சாதி எங்கட வார்டுல கெடந்தாவே, சுப்பம்மா. மெஷின்ல குளிர்ல நடுங்கக்குள்ள நீங்க ஒங்கட சால்வைய எடுத்துப் போத்தி விட்டீங்களாமே. மௌத்தாகினப்போவும் அந்தச் சால்வையோடதான் அடக்கினாங்களாம். 'அந்தப் புள்ளைக்கு நான் என்னா திருப்பிச் செய்யிறது, போத்தலாச்சும் கழுவி வைக்கிறேன், யாருக்கும் சொல்லாதீங்க'ண்டு செல்லினாரு."

அந்தச் சால்வையை எங்கே தொலைத்தேன் என்று நான் பலநாள் தேடியிருக்கிறேன், ஐயா. போர்த்தியது எனக்கு நினைவே இல்லை. நான் மறந்துபோன ஒரு சின்னக் காரியம் அந்த மனுஷன் கையால் திரும்பி வந்து, விடியற்காலைகளில் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் நான் நிறுத்தினேன்.

இதுதான் நடந்தது. இப்போதும் நீங்கள் தலையை ஆட்டுகிறீர்கள். "மிஸ், ஒங்க மனசு எனக்கு வெளங்குது, ஆனா வெறும் பேச்ச வச்சு ஒரு ஆள விட ஏலாது" என்கிறீர்கள். ஆய்வுகூடத்தை இன்னும் யாரும் சோதிக்கவில்லை, அந்தத் தட்டிலிருக்கும் போத்தல்களின் அடியில் வெள்ளைத் தூள் இருந்தால் நான் சொல்வது உண்மையாகும், வீரய்யாவை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறீர்கள். நியாயமான பேச்சு.

ஆனால் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. நான் இங்கே வருவதற்கு முன் காலையில் ஆய்வுகூடத்துக்குப் போனேன். சாவி என்னிடம் இருக்கிறதே. என் போத்தல்களை அவர் கழுவினார், நான் அவருக்கு ஒன்றும் திருப்பிச் செய்யவில்லை என்பது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆகவே தட்டில் இருந்த எல்லாவற்றையும் எடுத்தேன், பெட்டியில் மீதமிருந்த தூள் போட்ட போத்தல்களையும் எடுத்தேன். அவர் செய்தது போலவே ஒவ்வொன்றையும் மூன்று தடவை அலசி, சுத்தமான துண்டின் மேல் கவிழ்த்து வைத்தேன். ஒன்றில்கூட இப்போது ஒரு துளி வெள்ளை இல்லை. மனம் எவ்வளவு இலேசாக இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது.

வீரய்யா அண்ணனுக்கு நான் பட்டிருந்த கடன் அதோடு தீர்ந்தது. யாரும் பார்க்கவில்லை. நல்ல காரியத்துக்குச் சாட்சி எதற்கு, ஐயா?